மலை சரியும்போது எந்தப் பீடத்தைக் கேட்பது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் இலங்கையின் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் மலைகள் பல இடங்களில் சரிந்தன. பொறியியலாளர்களும் புவிச்சரிதவியலாளர்களும் நிர்வாகிகளும் இத்தனை பேர் உள்ள நாட்டில், ஆபத்து தெரிந்த இடங்களில் மக்கள் ஏன் இன்னும் குடியிருக்கிறார்கள் என்ற கேள்வி ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் மலையகத்தில் எழுகிறது. அதற்குச் சொல்லப்படும் பதில்களில் ஒன்று பல்கலைக்கழகங்களை நோக்கிக் கை நீட்டுகிறது. பட்டதாரிகள் தங்கள் துறைக்குள் கெட்டிக்காரர்கள், துறைகள் சந்திக்கும் இடத்தில்தான் தடுமாறுகிறார்கள், ஆகவே துறை கடந்து சிக்கல் தீர்க்க அவர்களுக்குக் கற்பிக்க வேண்டும் என்பது அந்தப் பதில்.

பதில் சரியானதுதான். ஆனால் அதன் பொருள் என்ன என்பதில் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஏன், விரிவுரையாளர்கள் சிலருக்குமே குழப்பம் இருக்கிறது. இது புதிய பாடமா, புதிய பட்டமா? பொறியியல் மாணவருக்குக் கொஞ்சம் சமூகவியலைச் சேர்த்துக் கொடுத்தால் போதுமா? அடியிலிருந்து பார்ப்போம்.

மீரியபெத்தை: அறிவு இருந்தது, வழி இருக்கவில்லை

2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி, தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்பது யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. புவிச்சரிதவியல் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மக்கள் அங்கேயே இருந்தார்கள்.

அறிவியல் பக்கம் ஓரளவு தெளிவானது. செங்குத்தான சரிவில் தளர்ந்து கிடக்கும் மண்ணுக்குள் மழைநீர் இறங்குகிறது. மண் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்துளைகளில் நீரின் அழுத்தம் ஏறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றி நிற்கும் வலு குறைகிறது. ஒரு கட்டத்தில் சரிவின் எடையை மண்ணால் தாங்க முடிவதில்லை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு என்று எச்சரிக்கை படிப்படியாக உயர்வதற்கு அடிப்படை இதுதான். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும்.

எங்கே வெளியேறுவது? இந்தக் கேள்வியோடு புவிச்சரிதவியல் முடிந்து மற்றத் துறைகள் தொடங்குகின்றன.

1. காணி யாருடையது? 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகள் அவற்றை நிர்வகிக்கின்றன. லயன் காம்பராவில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பத்துக்கு அது சொந்தமில்லை. இது சட்டக் கேள்வி.

2. செலவிடும் அதிகாரம் யாருக்கு? 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் செலவு செய்வதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018 இல். மீரியபெத்தைக்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிந்திய திருத்தம் இது. ஆக, பொது நிர்வாகமும் இதற்குள் வருகிறது.

3. வேலை என்ன ஆகும்? குடியிருப்பும் தோட்ட வேலையும் பின்னிக் கிடக்கும் இடத்தில், வீட்டை மாற்றச் சொல்வது பல வேளைகளில் பிழைப்பையும் மாற்றச் சொல்வதாகும். பொருளியல் இல்லாமல் இதற்கு விடை காண முடியாது.

4. ஓர் இரவு வெளியேறச் சொன்னால் யார் போவார்கள்? மாடு, காய்கறித் தோட்டம், உண்டியல் நகை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் பாட்டி இவை எல்லாம் அந்த முடிவுக்குள் வருகின்றன. போன முறை வெளியேறியபோது மலை சரியவில்லை என்ற நினைவும் வருகிறது. இது சமூகவியலுக்கும் உளவியலுக்கும் உரியது.

ஒரு துறை தன் விடையைச் சரியாகக் கொடுத்த பிறகும் சிக்கல் அப்படியே நிற்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சில சொற்களைப் பிரித்தறிதல்

பல்துறை, துறையிடை, துறைகடந்த என்ற மூன்று சொற்களையும் ஒன்றின் இடத்தில் மற்றொன்றாகப் பயன்படுத்துவதால்தான் பாதிக் குழப்பம் உண்டாகிறது.

பல்துறை என்றால் ஒரே பொருளைப் பல துறைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பார்ப்பது. பொறியியலாளர் ஓர் அத்தியாயம் எழுதுவார், சமூகவியலாளர் இன்னோர் அத்தியாயம் எழுதுவார், இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடலாம். ஒருவர் எழுதியதால் மற்றவர் எழுதியதில் ஒரு வரிகூட மாறியிருக்காது. துறையிடை என்றால் மாறும். காணிச் சட்டத்தைப் பற்றிக் கேட்ட பிறகு பொறியியலாளர் தன் வரைபடத்தையே வேறு விதமாக வரைவார். துறைகடந்த வேலையில் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களும் அறிவுடையோராக உள்ளே வருகிறார்கள். ஊற்று எந்த மாதம் கலங்கியது, எந்தக் கதவு திடீரென்று மரச்சட்டத்தில் இறுகியது, எந்த மரம் சாய்ந்தது என்று தோட்டத்தின் அந்த டிவிஷனில், அதாவது பிரிவில், முப்பது ஆண்டு கொழுந்து பறித்தவருக்குத் தெரியும். அவை வெறும் ஊர்ப்பேச்சு அல்ல. மண் நகரத் தொடங்கியதன் அடையாளங்கள் என்று வல்லுநர்களும் பட்டியலிடுபவைதான்.

இன்னொரு வேறுபாடும் முக்கியமானது. கணக்குப் புத்தகத்தில் வரும் சிக்கலுக்கு ஒரு விடை உண்டு, அது வந்ததும் வேலை முடிந்தது. 1973 இல் ஹோர்ஸ்ட் ரிட்டெல், மெல்வின் வெபர் என்ற திட்டமிடல் அறிஞர்கள் இருவரும் வேறொரு வகைச் சிக்கலைப் பிரித்துக் காட்டினார்கள். அதைத் தமிழில் பிடிகொடாச் சிக்கல் எனலாம். அதை எப்படி வரையறுப்பது என்பதிலேயே மக்கள் உடன்படமாட்டார்கள். சரி, பிழை என்று விடைகளைப் பிரிக்க முடியாது. நல்லது, மோசமானது என்றுதான் பிரிக்கலாம். முயன்று பார்த்துத் தவறினால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்க முடியாது, ஏனென்றால் அந்த முயற்சியே மனிதர்களின் வாழ்க்கையை மாற்றிவிட்டிருக்கும். ஒரு லயனை இடம் மாற்றிக் குடியேற்றுவது இந்த வகை.

பாடங்களைக் கூட்டினால் போதாது

நம் மாணவர் சாதாரணதரம் முடித்ததும் ஒரு பிரிவுக்குள் நுழைகிறார். உயர்தரத்தில் மூன்று பாடங்கள், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி, பிறகு ஒரு பீடம், அதற்குள் ஒரு துறை. ஒவ்வொரு படியிலும் உலகம் சிறிதாகிறது. ஆகவே இறுதி ஆண்டில் வேறு பீடத்துப் பாடங்கள் இரண்டைச் சேர்த்தால் குறை தீரும் என்று தோன்றுவது இயல்பு. கற்றல் பற்றிய ஆய்வுகள் அதற்கு எதிராகப் பேசுகின்றன.

1980 இல் மேரி கிக், கீத் ஹோலியோக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கதை கொடுத்தார்கள். ஒரு கோட்டைக்குப் பல பாதைகள் உண்டு. எல்லாப் பாதைகளிலும் கண்ணிவெடி. பெரும்படை ஒரே பாதையில் போனால் வெடிக்கும். தளபதி படையைச் சிறு குழுக்களாகப் பிரித்து எல்லாப் பாதைகளிலும் அனுப்புகிறார், எல்லோரும் ஒரே நேரத்தில் கோட்டையில் சேர்கிறார்கள். பிறகு மருத்துவச் சிக்கல் ஒன்று கேட்கப்பட்டது. வயிற்றிலுள்ள கட்டியை அழிக்கும் அளவுக்கு வலுவான கதிர், வழியிலுள்ள நல்ல தசையையும் அழித்துவிடும். என்ன செய்வது? பல திசைகளிலிருந்து மெலிந்த கதிர்களை ஒரே புள்ளியில் சேர்க்க வேண்டும். கதையில் இருந்த விடையேதான். ஆனாலும் சற்று முன்னர் அதைப் படித்தவர்களில் சிறுபான்மையினரே தாமாக அதைப் பயன்படுத்தினார்கள். அந்தக் கதை உதவும் என்று சொன்னதும் பெரும்பாலோர் விடைக்கு வந்துவிட்டார்கள்.

அறிவு தலைக்குள் இருப்பது வேறு. வேண்டிய இடத்தில் அது எழுந்து வருவது வேறு. அதே ஆய்வாளர்கள் 1983 இல் இன்னொன்றையும் காட்டினார்கள். மேலோட்டத்தில் வேறுபட்ட, உள்ளே ஒரே அமைப்புடைய இரண்டு கதைகளைக் கொடுத்து, இரண்டையும் ஒப்பிட்டு எழுதச் சொன்னபோது, புதிய சிக்கலில் அந்த விடையைத் தாமாகப் பயன்படுத்தியவர்கள் கூடினார்கள்.

பாடத்திட்டம் வகுப்போர் கையில் எடுக்க வேண்டிய கருவி இந்த ஒப்பீடுதான். மலையகத்தில் அதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

மூன்று சிக்கல்கள், ஓர் அமைப்பு

முதலாவது மீரியபெத்தை.

இரண்டாவது உமா ஓயா. மின்சாரத்துக்கும் தெற்கின் வறண்ட நிலங்களுக்கும் நீர் கொண்டுசெல்லும் திட்டம் அது. 2014 டிசெம்பரில் சுரங்கம் தோண்டும்போது நிலத்தடி நீர் உள்ளே பெருகியது. பண்டாரவளைப் பகுதியில் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. சுரங்கத்தின் உள்ளே நின்று பார்த்தால் இது நீர்க்கசிவை அடைக்கும் பொறியியல் வேலை. மேலே வாழ்ந்த விவசாயிக்கு இது பயிர்ப் போகத்தின் கேள்வி. நட்டஈடு கேட்கப் போனால் இன்னொரு கேள்வி முளைக்கிறது: இந்தச் சுவரின் வெடிப்பு சுரங்கத்தால் வந்தது என்று யார், எதை வைத்து நிறுவுவது? 120 மெகாவாட் திறனுள்ள அந்தத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது.

மூன்றாவது கிளைபோசேட். வறண்ட வலயத்துச் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தில் 2015 இல் அந்தக் களைநாசினி தடைசெய்யப்பட்டது. தேயிலை மலைகளில் களை மண்டியது, வேறு களைநாசினிகள் வந்தன. அவற்றின் எச்சம் தேயிலையில் இருப்பது பற்றி ஜப்பானில் ஆட்சேபம் எழுந்தது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது.

மண், நீர், களை. மேலோட்டத்தில் மூன்றும் வேறு. ஒப்பிட்டு எழுதச் சொன்னால் மாணவர் கண்டுபிடிக்க வேண்டியது இது: ஒரு துறை தன் எல்லைக்குள் எடுத்த முடிவு, எல்லைக்கு வெளியே இன்னொருவரின் சிக்கலாகப் போய் நிற்கிறது, அங்கே அதைக் கேட்க அதே துறையில் ஆள் இல்லை. இதை விரிவுரையாளர் முதல் நாளே பலகையில் எழுதிவிட்டால் பயன் போய்விடும். மாணவர்கள் தாங்களே சென்று அடைய வேண்டும்.

கற்பிக்க வேண்டிய படிகள்

கணிதவியலாளர் ஜோர்ஜ் போல்யா 1945 இல் சிக்கல் தீர்ப்பதற்கு நான்கு படிகள் சொன்னார்: புரிந்துகொள், திட்டமிடு, செய், திரும்பிப் பார். இன்றும் அவை நல்ல படிகள். ஆனால் சிக்கல் கேள்வித்தாளில் அச்சாகி வந்துவிட்டது என்ற இடத்திலிருந்து அவை தொடங்குகின்றன. பிடிகொடாச் சிக்கலில் அதற்கு முன்னே செய்ய வேண்டியவை சில உண்டு.

1. கேள்வியை எழுதுதல். ஓர் அணியில் பொறியியல், விவசாயம், சமூகவியல், சட்டம், மருத்துவம் என ஐந்து மாணவர்கள் இருந்தால், பேசிக்கொள்வதற்கு முன் ஒவ்வொருவரும் சிக்கல் என்ன என்று ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். ஐந்து வாக்கியங்களும் ஐந்து விதமாக இருக்கும். ஒருவர் "சரிவை எப்படி நிலைப்படுத்துவது" என்று எழுதுவார், இன்னொருவர் "வெளியேற ஏன் மறுக்கிறார்கள்" என்று எழுதுவார். இரண்டாவது வாக்கியத்தில் பழி மக்கள்மேல் விழுந்துவிட்டதை யாராவது கவனிக்க வேண்டும். "போக இடம் இருக்கிறதா" என்று அதை மாற்றி எழுதும் கணத்தில்தான் உண்மையான கற்றல் நடக்கிறது. இதற்கு ஒரு வாரம் போனாலும் போகட்டும், இரண்டு வாரம் போனாலும் போகட்டும்.

2. எல்லை போடுதல். எவ்வளவு பின்னோக்கிப் போவது? லயன் ஏன் அந்தச் சரிவில் இருக்கிறது என்று கேட்டால் ஒரு பூஞ்சணத்தில் போய் முடியும். 1869 இல் இலங்கைக் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் காணப்பட்டது. 1880 இல் வந்த தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் அதன் வித்திகள் காற்றில் பரவுவதையும், இடைவெளியின்றிக் கோப்பி மட்டுமே நட்டிருந்தது அந்தப் பரவலுக்கு வாய்ப்பானதையும் காட்டினார். கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். வந்து போன குடும்பங்கள் லயன்களில் நிலைத்துத் தங்கியது இப்படித்தான். இந்த வரலாறு நாளை மழைக்கு எச்சரிக்கை கொடுக்க உதவாது. குடியேற்றம் யாருடைய பொறுப்பு என்று வாதிட உதவும். எந்தக் கேள்விக்கு எந்த எல்லை என்று தீர்மானிப்பதும் பயிற்சியால் வருவதுதான்.

3. சான்றுகளை எடைபோடுதல். மழைமானியின் எண், நேர்காணலில் ஒருவர் சொன்னது, சட்டத்தின் ஒரு பிரிவு ஆகிய மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மண் பரிசோதனையில் எதை நம்பத்தக்கது என்பார்கள், சமூகவியலில் எதை நம்பத்தக்கது என்பார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். துறைகளுக்கு இடையிலான சண்டைகள் பெரும்பாலும் இங்கேதான் மூள்கின்றன. பொறியியல் மாணவருக்கு நேர்காணல் வெறும் கருத்தாகத் தெரியும், கலைப்பீட மாணவருக்கு எண்கள் மனிதரை மறைப்பதாகத் தெரியும். இதைத் தவிர்க்கக் கூடாது.

4. முடிவெடுத்தலும் திரும்பிப் பார்த்தலும். யாருக்கு என்ன இழப்பு என்பதை வெளிப்படையாக எழுதிய முடிவு வேண்டும். முதல் வாரம் எழுதிய ஐந்து வாக்கியங்களையும் இறுதியில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பட்டத்துக்குள் எங்கே வைப்பது

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு திறமைப் புள்ளி என்பது 50 மணி நேரக் கற்றல். மூன்று புள்ளிப் பாடநெறி ஒன்றுக்கு 150 மணி நேரம் கிடைக்கும். நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தின் 120 புள்ளிகளில் மூன்றைக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. தடையாக நிற்பவை நேரசூசியும் மதிப்பீடும்தான். பேராதனையில் பொறியியல் பீடம் மகாவலியின் ஒரு கரையிலும் கலை, விஞ்ஞான பீடங்கள் மறுகரையிலும் இருக்கின்றன. அக்பர் பாலத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். இரண்டு பீடங்களின் நேரசூசிகளிலும் ஒரே பிற்பகலை வெறுமையாக வைக்கத்தான் நிர்வாகத்தின் துணிவு வேண்டும். பதுளையில் ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கே பட்டநெறி உண்டு. அங்கே களம் இன்னும் அருகில்.

மதிப்பீட்டை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் பலன் இருக்காது. மாணவர்கள் புள்ளி வரும் திசையில்தான் உழைப்பார்கள், அதில் தவறும் இல்லை. குழு அறிக்கைக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் ஆளுக்கோர் அத்தியாயம் எழுதித் தைத்துவிடுவார்கள். அது பல்துறையோடு நின்றுவிடும். தனிப் புள்ளி மூன்று இடங்களில் வேண்டும் என்பது என் கருத்து. முதலில், தன் துறையின் ஒரு கருத்தை வேறு துறை மாணவருக்கு விளக்கும் குறிப்பு. அடுத்து, பிறர் சொன்னதால் தன் முடிவு எங்கே மாறியது என்று சான்றோடு எழுதும் பக்கம். கடைசியில், இதுவரை பார்த்திராத நான்காவது சிக்கல் ஒன்றைக் கொடுத்து, முந்திய மூன்றோடு ஒப்பிடச் சொல்லும் பரீட்சை.

ஆழம் குறைந்துவிடுமா?

விரிவுரையாளர்கள் எழுப்பும் இந்த ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. நுண்துளை நீரழுத்தத்தைக் கணக்கிடத் தெரியாத பொறியியலாளர் அந்த அணிக்கு எதையும் கொண்டுவரமாட்டார். அதனால்தான் இதை முதலாம் ஆண்டில் வைக்கக் கூடாது. தன் துறையில் கால் ஊன்றிய மூன்றாம் ஆண்டு மாணவருக்கே இது பொருந்தும். 1969 இல் கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரி, சிக்கலை முன்வைத்துக் கற்பிக்கும் முறையைத் தொடக்கத்திலிருந்தே கொண்டுவந்தது. ஆனால் அங்கே மாணவர் அனைவரும் ஒரே தொழிலுக்குப் போகிறவர்கள். நம் நிலை வேறு.

இது தொழிலுக்குப் பயன்படாத அலங்காரம் என்பவர்களுக்கு ஒரு தகவல். பொறியியல் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014 முதல் முழு உறுப்பினர். பல்துறை அணிகளில் இயங்கும் ஆற்றல், அந்த உடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் ஒன்று.

மொழியும் ஒரு துறைதான்

மலையகத்தில் இதைச் செய்யும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு. தமிழில் உயர்தரம் படித்த மாணவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் விஞ்ஞானம் கற்கிறார், சிங்கள மாணவரோடு அணி சேர்கிறார், களத்தில் மீண்டும் தமிழுக்கு வருகிறார். இந்த மூன்று மொழிகளுக்கு இடையே நடந்து பழகியது அவருடைய குறை என்று வகுப்பறையில் கருதப்படும் வேளைகள் உண்டு. லயன்கள் உள்ள சரிவில் அதுதான் அணியின் மிகப் பெரிய வலு. "150 மில்லிமீற்றர்" என்பது ஒரு குடும்பத்தை இரவு பத்து மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போகும் சொல் அல்ல. காரியாலயத்து மழைமானியில் எவ்வளவு ஏறினால், வடிகால் கானில் தண்ணீர் எந்த நிறத்தில் வந்தால் புறப்பட வேண்டும் என்று தமிழில் சொல்ல, மண்ணியலும் தெரிய வேண்டும், அந்த வீடும் தெரிய வேண்டும். அதற்கும் புள்ளி கொடுக்க வேண்டும்.

ஆகவே பாடநெறியின் இறுதி அறிக்கை பீடாதிபதியின் மேசையோடு முடியக் கூடாது. அதன் தமிழ்ச் சுருக்கத்தை மாணவர்களே அந்த டிவிஷனுக்கு எடுத்துச் சென்று, வேலை முடிந்து எல்லோரும் கூடக்கூடிய நேரத்தில், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வாசிக்க வேண்டும். அங்கே கேட்கப்படும் கேள்விகளை, விடை தெரிந்ததையும் தெரியாததையும், கேட்டவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொண்டு வர வேண்டும். அடுத்த ஆண்டு அணிகளுக்கு முதல் வாரத்தில் கொடுக்க வேண்டிய தாள் அதுதான்.